பழைய லினக்ஸ் சிடியைப் புதுக் கம்ப்யூட்டரில் போடலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "வீட்டில் பழைய லினக்ஸ் சிடி ஒன்று இருக்கிறது. புது மெஷினில் போட்டால் ஓடுமா?"

பெரும்பாலும் ஓடாது. சில சமயம் பாதி ஓடும். முழுதாக ஓடாமல் நின்றுவிட்டால் கவலையில்லை, சிடியை எடுத்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். பாதி ஓடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. அந்த ஆபத்தில் நானே மாட்டிக்கொண்டேன். பதினெட்டுப் பெண்களின் சேமிப்புக் கணக்கை ஒரே ஒரு கிளிக்கில் அழிக்க இருந்தேன். என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதே வேலையை ஆபத்தில்லாமல் எப்படிச் செய்வது என்று இந்தக் கட்டுரையில் சொல்கிறேன்.

முதலில், இந்தச் சிடிக்கள் நம் வீடுகளுக்கு எப்படி வந்தன? உபுண்டு லினக்ஸை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் 2005 முதல் 2011 வரை "ஷிப்இட்" என்ற திட்டத்தில், கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் இலவசமாகச் சிடி அனுப்பியது. நெய்வேலி டவுன்ஷிப்பிலும் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். தமிழக அரசின் எல்காட் நிறுவனம் அந்தக் காலத்தில் சூசே லினக்ஸைப் பயன்படுத்தத் தொடங்கியது. சென்னை சி-டாக் 2007-ல் "பாஸ்" லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆகவே தமிழ்நாட்டில் பீரோவைத் திறந்தால் ஒரு லினக்ஸ் சிடி விழுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அக்காவின் கணக்கு

எங்கள் வட்டத்தில் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த அக்கா ஒருவர், கணவர் ஓய்வு பெற்ற பிறகு வடலூருக்குக் குடிபோய்விட்டார். மகளிர் சுய உதவிக் குழு ஒன்றுக்குப் பல வருடங்களாக அவர்தான் கணக்கு எழுதுகிறார். மாதச் சேமிப்பு எவ்வளவு, உள்கடன் யாருக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு வந்தது என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். அதற்கான சின்ன புரோகிராமை எழுதியது அவருடைய மகன். கல்லூரியில் படிக்கும்போது உபுண்டு 10.04-ல் உட்கார்ந்து எழுதியது. இப்போது அவன் மஸ்கட்டில் வேறு வேலையில் இருக்கிறான்.

பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு 2024 மே மாத வெயிலில் போய்விட்டது. விண்டோஸ் 11 போட்ட புது லேப்டாப் ஒன்றை வாங்கினார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு என்னிடம் கொடுத்து, "தம்பி, பழையபடி அந்தக் கணக்கு இதுல வரணும், அவ்வளவுதான்" என்றார் அக்கா.

இங்கே ஒரு கேள்வி வரும். புது லினக்ஸையே போட்டு அதில் அந்த புரோகிராமை ஓட்டினால் என்ன? வேர்டு ஃபைலாகவோ எக்ஸெல் ஃபைலாகவோ இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். அவற்றைத் திறக்கப் பழைய லினக்ஸ் எதற்கும் தேவையில்லை. ஆனால் இந்த புரோகிராம் பைத்தான் 2 மொழியில், பைஜிடிகே என்ற ஜன்னல் வரையும் தொகுப்பை நம்பி எழுதப்பட்டது. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ம் தேதியோடு முடிந்துவிட்டது. உபுண்டு 20.04 வந்தபோது பைஜிடிகேயை எடுத்தே விட்டார்கள். புது லினக்ஸில் அந்த புரோகிராமை இரட்டை கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்காது. பழைய லினக்ஸைத் தேடும் நிலை இப்படித்தான் வருகிறது.

முதல் தடை: சிடியைக் கண்டுகொள்ளவே இல்லை

புது லேப்டாப்பில் சிடி டிரைவே கிடையாது. தெரிந்தவர் ஒருவரிடம் யுஎஸ்பி டிவிடி டிரைவ் இரவல் வாங்கி, தபாலில் வந்த 10.04 சிடியைப் போட்டு ரீஸ்டார்ட் செய்தேன். டிரைவ் சுழன்றது, விளக்கு மின்னியது, பிறகு பேசாமல் விண்டோஸ் வந்துவிட்டது.

காரணம் எளிது. பழைய கம்ப்யூட்டர்களை எழுப்பிவிட்டது "பயாஸ்". இப்போதைய மெஷின்களில் அந்த இடத்தில் இருப்பது "யுஇஎஃப்ஐ". இரண்டும் சிடியில் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு விதமான ஃபைலைத் தேடும். என் 10.04 சிடி பயாஸுக்காகத் தயாரிக்கப்பட்ட 32 பிட் சிடி. யுஇஎஃப்ஐக்கு அது வெறும் தட்டு. சில வருடங்களுக்கு முன்புவரை வந்த மெஷின்களில் "லெகஸி" அல்லது "சிஎஸ்எம்" என்ற பழைய முறைக்கான வசதி இருந்தது. புதிதாக வரும் லேப்டாப்களில் அதைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள்.

இதோடு "செக்யூர் பூட்" என்ற காவல்காரர் ஒருவரும் இருக்கிறார். முறையான டிஜிட்டல் கையொப்பம் உள்ள பூட் ஃபைலை மட்டும்தான் உள்ளே விடுவார். 2012 ஏப்ரலில் வந்த உபுண்டு 12.04-ல் அந்தக் கையொப்பம் கிடையாது. 2013-ல் வந்த 12.04.2-லிருந்துதான் சேர்த்தார்கள். கையொப்பம் இருந்தும் உள்ளே போக முடியாத சிடிக்களும் உண்டு. பூட் செய்யும் புரோகிராமில் 2020-ல் ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டதால் பழைய கையொப்பங்கள் பலவற்றை ரத்து செய்துவிட்டார்கள்.

நான் யுஇஎஃப்ஐ அமைப்புக்குள் போய்ச் செக்யூர் பூட்டை நிறுத்தினேன். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் எஃப்2 அல்லது டெலிட் கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் அந்தத் திரை வரும். மெஷினுக்கு மெஷின் கீ மாறும்.

நீங்கள் இதில் கை வைப்பதற்கு முன் ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள். விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் பூட்டுப்போட்ட நிலையில்தான் வருகிறது. செக்யூர் பூட்டை மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்கங்கள் கொண்ட "ரெக்கவரி கீ"யைக் கேட்கலாம். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை முதலில் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளாமல் உள்ளே போகவே போகாதீர்கள்.

320-ஆ, 512-ஆ?

10.04 வரவில்லை. அதற்கு நெருக்கமானது எது என்று பார்த்து, என்னிடம் இருந்த 2012-ம் வருட 64 பிட் உபுண்டு 12.04-ஐப் பென் டிரைவில் ஏற்றி பூட் செய்தேன். இது யுஇஎஃப்ஐக்கும் தெரிந்தது. கறுப்புத் திரை வந்தது. பூட் மெனுவில் "ஈ" கீயை அழுத்தி, "கொயட் ஸ்பிளாஷ்" என்ற சொற்கள் உள்ள வரியில் "நோமோட்செட்" என்று சேர்த்ததும் படம் வந்தது. கிராபிக்ஸ் சிப்பைத் தொடாதே, யுஇஎஃப்ஐ கொடுத்த திரையை அப்படியே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்குச் சொல்லும் கட்டளை அது. ஜன்னலை இழுத்தால் விட்டு விட்டு நகர்ந்தது. வைஃபை இல்லை. டச்பேட் ஏனோதானோ என்று இருந்தது. ஆனாலும் ஓடியது! எனக்கு ஒரே சந்தோஷம்.

இந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டது. இன்ஸ்டால் முடிந்ததும் ஃபைல்களை உடனே காப்பி செய்துவிடலாம் என்று அக்காவின் பழைய டிஸ்க்கையும் யுஎஸ்பியில் செருகியே வைத்திருந்தேன். அதற்கு வேறு காப்பி கிடையாது. ஒரு காப்பி எடுத்துக்கொண்டு ஆரம்பித்திருக்க வேண்டும், எடுக்கவில்லை.

இன்ஸ்டாலரைத் தட்டினேன். "இந்தக் கம்ப்யூட்டரில் உபுண்டு 10.04 இருக்கிறது, என்ன செய்யட்டும்?" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. புது லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ், உபுண்டு அல்ல. அந்த ஒரு வரியே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். படித்தேன், மண்டையில் ஏறவில்லை. அழித்துவிட்டுப் புதிதாகப் போடு என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அடுத்த திரையில் டிஸ்க்கின் பெயரும் அளவும் வந்தன. கீழே "இன்ஸ்டால் நவ்" பட்டன். மவுஸ் அதன் மேல் இருந்தது.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா கேட்டார்: "ஏன் தம்பி, பில்லுல 512ன்னு போட்டிருந்துச்சே, இது 320ன்னு காட்டுது?"

கையை எடுத்துவிட்டேன். 512 ஜிபி என்பது புது லேப்டாப்பின் டிஸ்க். 320 ஜிபி என்பது யுஎஸ்பியில் தொங்கிக்கொண்டிருந்த பழைய டிஸ்க். இன்ஸ்டாலர் அழிக்கத் தயாராக இருந்தது, நாங்கள் காப்பாற்ற வந்த அதே டிஸ்க்கை.

அக்காவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, முதல் வேலையாக அந்த யுஎஸ்பி கேபிளைப் பிடுங்கினேன். மறுபடி இன்ஸ்டாலரை ஓட்டியபோது போடுவதற்கு டிஸ்க்கே இல்லை என்றது.

ஏன் 512 தெரியவில்லை?

விண்டோஸில் பிரிண்டர் வாங்கினால் கூடவே டிரைவர் சிடி வரும், அல்லது இணையத்திலிருந்து டிரைவரை இறக்குவோம். லினக்ஸில் பழக்கம் வேறு. பெரும்பாலான டிரைவர்கள் "கெர்னல்" என்ற மையப் பகுதிக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே கெர்னல் வெளிவந்த தேதிக்குப் பிறகு சந்தைக்கு வந்த ஹார்டுவேர், அதற்குத் தெரிய வாய்ப்பு மிகக் குறைவு.

12.04 முதல் வெளியீட்டில் இருப்பது 3.2 கெர்னல். புது லேப்டாப்களில் இருக்கும் டிஸ்க் "என்விஎம்இ" வகை. அதற்கான டிரைவர் லினக்ஸில் சேர்ந்தது 2012 மார்ச்சில் வந்த 3.3 கெர்னலில். ஒரே ஒரு எண்தான் வித்தியாசம்! 10.04-ல் இருப்பதோ 2.6.32. அது 2009 டிசம்பரில் வந்த கெர்னல். என்விஎம்இயின் முதல் வரையறையே 2011-ல்தான் வந்தது. பிறக்காத குழந்தையை அதற்கு எப்படி அடையாளம் தெரியும்?

இன்னொன்றும் கவனியுங்கள். தெரியாத ஹார்டுவேரைப் பார்த்தால் லினக்ஸ் "எனக்கு இது தெரியவில்லை" என்று பெட்டி போட்டுச் சொல்வதில்லை. அந்தப் பொருள் அங்கே இல்லாததுபோல் நடந்துகொள்ளும். வைஃபை என்றால் பட்டியலில் வராது. டிஸ்க் என்றாலும் பட்டியலில் வராது. பட்டியலில் மிச்சம் இருப்பது உங்கள் பென் டிரைவோ பழைய டிஸ்க்கோ மட்டும் என்றால், "முழு டிஸ்க்கையும் அழி" என்பது அதைத்தான் குறிக்கும். யுஎஸ்பி டிஸ்க் பழைய தொழில்நுட்பம் என்பதால் அது மட்டும் சமர்த்தாகத் தெரிந்துவிடுகிறது.

இதை அக்காவின் கணவரிடம் விளக்கப் போனேன். அவர் முதல் அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். 1962-ல் சோவியத் உதவியுடன் முதல் யூனிட் ஓடத் தொடங்கிய நிலையம் அது. 50 மெகாவாட்டில் ஆறு, 100 மெகாவாட்டில் மூன்று என்று மொத்தம் 600 மெகாவாட். 2020-ல் நிறுத்தினார்கள். அதற்கு மாற்றாக வந்த புதிய நிலையத்தில் 500 மெகாவாட்டில் இரண்டே யூனிட்கள்.

"அட, இதுக்கு ஏன் இவ்வளவு சுத்தி வளைக்கிறீங்க?" என்றார் அவர். "பழைய 50 மெகாவாட்ல இருந்தவனைத் திடீர்னு புது கண்ட்ரோல் ரூம்ல கொண்டுபோய் உட்கார வச்சா? வேலை தெரியாதவன் இல்லை. அந்தப் பேனல் அவனுக்குத் தெரியாது. தெரிஞ்ச சுவிட்ச் ஏதாவது இருந்தா அதைத்தான் போடுவான்."

நான் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

பதிப்பு எண்ணைப் படிப்பது எப்படி?

உபுண்டுவின் எண்ணில் முதல் பகுதி வருடம், அடுத்தது மாதம். 10.04 என்றால் 2010 ஏப்ரல். 12.04 என்றால் 2012 ஏப்ரல். அதற்குப் பிறகு இன்னொரு புள்ளியும் எண்ணும் இருந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். 12.04.5 என்பது அதே 12.04-ன் கடைசித் தொகுப்பு, 2014 ஆகஸ்டில் வந்தது. உள்ளே இருக்கும் புரோகிராம்கள் பெரும்பாலும் அதேதான், ஆனால் கெர்னல் மட்டும் 3.2-லிருந்து 3.13-க்குப் போயிருக்கும். பரிசோதனைக்காக அதையும் பென் டிரைவில் ஏற்றிப் பார்த்தேன். 512 ஜிபி டிஸ்க் உடனே தெரிந்தது. வைஃபை அப்போதும் இல்லை.

இதிலிருந்து ஒரு வழி கிடைக்கிறது. பழைய லினக்ஸ்தான் வேண்டும் என்றால் இருப்பதிலேயே பழையதைப் போடாதீர்கள். உங்கள் புரோகிராம் எந்தப் பதிப்பு வரைக்கும் ஓடும் என்று பாருங்கள். அந்தக் கடைசிப் பதிப்பில், கடைசிப் புள்ளி எண் உள்ள தொகுப்பை எடுங்கள். அக்காவின் புரோகிராமுக்கு அந்தக் கடைசிப் பதிப்பு 18.04. பைத்தான் 2, பைஜிடிகே இரண்டையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். 2020 ஆகஸ்டில் வந்த 18.04.5-ல் 5.4 கெர்னல் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தபோது டிஸ்க் தெரிந்தது, திரை ஒழுங்காக வந்தது, டச்பேடும் சொன்னபடி கேட்டது. வைஃபை மட்டும் அதிலும் வரவில்லை.

வைஃபை இல்லாவிட்டால் சோர்ந்து போகாதீர்கள். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போன் செட்டிங்ஸில் "யுஎஸ்பி டெதரிங்" என்பதை ஆன் செய்யுங்கள். பழைய கெர்னலுக்கும் அது சாதாரண நெட்வொர்க் கார்டு மாதிரி தெரியும். பல நேரம் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

இன்டெல் லேப்டாப் சிலவற்றில் புது கெர்னலுக்கும் டிஸ்க் தெரியாது. யுஇஎஃப்ஐயில் "ஆர்எஸ்டி" அல்லது "விஎம்டி" என்ற அமைப்பு ஆன் ஆகியிருப்பது அதற்குக் காரணமாக இருக்கலாம். அதை மாற்றினால் விண்டோஸ் கிளம்பாமல் போகும் அபாயம் உண்டு. புதியவர்கள் அதைத் தொட வேண்டாம்.

இன்ஸ்டால் செய்யும் முன்

எந்த லினக்ஸாக இருந்தாலும் முதல் திரையில் "டிரை உபுண்டு" என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். டிஸ்க்கில் ஒன்றும் எழுதாமல் நேராகப் பென் டிரைவிலிருந்தே ஓடும். அங்கே டெர்மினலைத் திறந்து, எல், எஸ், பி, எல், கே என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தில் சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். கம்ப்யூட்டருக்குத் தெரிந்த டிஸ்க்குகளின் பட்டியல் அளவோடு வரும். "என்விஎம்இ" என்று தொடங்கும் பெயர் இருந்தால் அது உள்ளே இருக்கும் புது டிஸ்க். "எஸ்டி" என்று தொடங்கினால் யுஎஸ்பியாகவோ பழைய வகை டிஸ்க்காகவோ இருக்கும். அளவை உங்கள் பில்லோடு ஒப்பிடுங்கள். அக்கா செய்தது இதைத்தான், டெர்மினல் இல்லாமல்.

விண்டோஸ் பக்கத்திலும் ஒரு குழி இருக்கிறது. லினக்ஸில் பயன்படுத்திய பழைய டிஸ்க்கை விண்டோஸில் செருகினால், "பயன்படுத்துவதற்கு முன் இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று கேட்கும். டிஸ்க் கெட்டுப்போகவில்லை. லினக்ஸின் "இஎக்ஸ்டி4" முறையை விண்டோஸால் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். "கேன்சல்" கொடுங்கள். அவசரத்தில் "ஃபார்மட்" கொடுத்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அக்காவின் ஃபைல்களை நாங்கள் எடுத்தது 18.04-ஐப் பென் டிரைவிலிருந்து "டிரை" முறையில் ஓட்டித்தான். பழைய டிஸ்க்கின் ஹோம் ஃபோல்டர் முழுவதையும் இரண்டு தனித்தனிப் பென் டிரைவ்களில் காப்பி செய்தோம். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கடைசியில் செய்தது

18.04-ஐ லேப்டாப்பில் நிரந்தரமாகப் போட்டிருக்கலாம். ஆனால் அக்காவுக்கு மகனோடு வீடியோவில் பேச, மற்ற வேலைகளைப் பார்க்க விண்டோஸ் வேண்டும். கணக்கு எழுத ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்து லினக்ஸுக்குப் போ என்றால் இரண்டு மாதத்தில் நோட்டுக்கே திரும்பிவிடுவார். இன்னும் சில வருடங்களில் அடுத்த லேப்டாப் வாங்கும்போது இதே கூத்து மறுபடியும் நடக்கும்.

ஆகவே வேறு வழி எடுத்தோம். "விர்ச்சுவல்பாக்ஸ்" என்ற இலவச புரோகிராம். 2007-ல் இன்னோடெக் என்ற ஜெர்மன் நிறுவனம் வெளியிட்டது, பிறகு சன் கைக்குப் போய் 2010-லிருந்து ஆரக்கிளிடம் இருக்கிறது. இது விண்டோஸுக்குள் ஒரு ஜன்னலில் இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதுபோல் நடிக்கும். நடிப்பில் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், அது பழைய கம்ப்யூட்டராகவும் நடிக்கும். பழைய பயாஸ், பல வருடங்களுக்கு முந்தைய இன்டெல் சிப்செட், பழைய நெட்வொர்க் கார்டு, பழைய வகை டிஸ்க். 2010 கெர்னலுக்கு இவை எல்லாம் பழகிய முகங்கள். வெளியே இருக்கும் என்விஎம்இ, வைஃபை எல்லாம் விண்டோஸின் பாடு.

செய்முறை கடினமில்லை. முதலில் யுஇஎஃப்ஐயில் இன்டெல் என்றால் "விடி-எக்ஸ்", ஏஎம்டி என்றால் "எஸ்விஎம்" என்பது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஆன் ஆகியே இருக்கும். விர்ச்சுவல்பாக்ஸில் "நியூ" கொடுத்து, வகை லினக்ஸ், பதிப்பு உபுண்டு 32 பிட் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். தானாக இன்ஸ்டால் செய்யவா என்று கேட்கும் இடத்தில் வேண்டாம் என்று டிக் செய்துவிடுங்கள். பழைய பதிப்புகளுக்கு அது சரிவராது. ராம் 1 ஜிபி கொடுத்தால் 10.04-க்குத் தாராளம். டிஸ்க் 20 ஜிபி போதும். அந்த "டிஸ்க்" உண்மையில் விண்டோஸில் இருக்கும் ஒரு பெரிய ஃபைல்தான்.

தபாலில் வந்த அதே சிடியை ஐஎஸ்ஓ ஃபைலாக மாற்றிக் கொடுத்தேன். லேப்டாப் கண்டுகொள்ளாத சிடி, ஜன்னலுக்குள் உடனே பூட் ஆனது. "முழு டிஸ்க்கையும் அழித்துவிட்டுப் போடு" என்று இந்தத் தடவை தைரியமாகக் கொடுத்தேன். அதற்குத் தெரியும் ஒரே டிஸ்க் அந்த 20 ஜிபி ஃபைல்.

ஓட்டும்போது ஜன்னலின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமைப் படம் தெரிந்தால், விண்டோஸின் ஹைப்பர்-வி அந்த வசதியைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். கணக்கு எழுத அது போதும் என்பதால் நான் அதைக் கிளறவில்லை.

ஃபைல்களைப் பென் டிரைவிலிருந்து உள்ளே கொண்டுபோக, "டிவைசஸ்" மெனுவில் யுஎஸ்பி என்பதில் உங்கள் பென் டிரைவின் பெயரை டிக் செய்தால் விண்டோஸிலிருந்து விலகி உள்ளே தோன்றும். புதிதாக ஏதாவது தொகுப்பைச் சேர்க்கப் போனால் 10.04 "கிடைக்கவில்லை" என்று சொல்லும். ஆயுள் முடிந்த பதிப்புகளின் தொகுப்புகளை ஓல்டு-ரிலீசஸ் டாட் உபுண்டு டாட் காம் என்ற முகவரிக்கு மாற்றிவிட்டார்கள். தொகுப்புப் பட்டியலில் அந்த முகவரியைப் போட வேண்டும். எங்களுக்கு அதற்குத் தேவை வரவில்லை.

எல்லாம் முடிந்ததும் செட்டிங்ஸில் நெட்வொர்க்கை நிறுத்திவிட்டேன். 10.04 டெஸ்க்டாப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2013-லேயே நின்றுவிட்டன. அதை வைத்துக்கொண்டு இணையத்துக்குப் போவது கதவில்லாத வீட்டில் தூங்குவது மாதிரி. கணக்கு எழுத இணையம் எதற்கு?

புரோகிராமின் படத்தை இரட்டை கிளிக் செய்தேன். திறந்தது. திரை சிறியதாக வந்தது, ஆனால் அக்காவுக்கு அது பழகிய அளவு. ரொக்கப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, பதினெட்டுப் பேரின் சேமிப்பையும் கடன் பாக்கியையும் ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒப்பிட்டார். முக்கால் மணி நேரம் ஆனது. எல்லாம் சரியாக இருந்தது.

மஸ்கட்டிலிருந்து மகன் போனில், புரோகிராமைப் புது பைத்தானுக்கு மாற்றி எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். இன்னும் வரவில்லை. அதுவரை மாதக் கூட்டம் முடிந்ததும் விர்ச்சுவல்பாக்ஸை முழுதாக மூடிவிட்டு, அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் காப்பி எடுக்க அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த கம்ப்யூட்டர் வந்தால் அதில் விர்ச்சுவல்பாக்ஸைப் போட்டு இந்த ஃபோல்டரைத் திறந்தால் போதும்.

கிளம்பும்போது, "அப்ப அந்தப் பழைய டிஸ்க்கை எடைக்குப் போட்டுடலாமா தம்பி?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கேஸோடு ஒரு மஞ்சள் பையில் போட்டு, மேலே தேதி எழுதி, பீரோவில் வைத்தோம்.